குதிரையேறிய புனிதர்

1807 நவம்பர் 29. நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கிவிட்டது என்றதும், போர்ச்சுகலை ஆண்ட இளவரசர் ஜோவாவோ ஒரு வீர முடிவெடுத்தார்: கிளம்பிவிடலாம். அம்மா, மனைவி, பிள்ளைகள், மந்திரிமார், கஜானா என்று சகலத்தையும் கப்பலேற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் புறப்பட்டார். மறுநாள் பிரெஞ்சுத் தளபதி ஜூனோ ஊருக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரர் வீட்டில் இல்லை.

ரியோ டி ஜெனிரோவில் செட்டிலான ஜோவாவோவுக்குப் படம் வரைய ஆள் வேண்டாமா? 1816-இல் பாரிசிலிருந்து வந்து சேர்ந்தார் பிரெஞ்சு ஓவியர் தெப்ரே. முந்தைய எஜமான் சாட்சாத் நெப்போலியன். நெப்போலியன் சிப்பாய்களுக்குப் பதக்கம் குத்துவதையெல்லாம் வரைந்து பிழைத்தவர். எஜமான் கவிழ்ந்ததும், எஜமான் துரத்தியடித்தவரிடமே சம்பளத்துக்கு அமர்ந்துவிட்டார். கலைஞனுக்குக் கட்சி ஏது?

தெப்ரே 1834-39இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பிரேசில் கல்லச்சுப் படங்களில் ஒன்று, நற்கருணைப் பவனிக்கு முன்னே போகும் புனித ஜார்ஜியாரின் பரிவாரம். சப்பரமெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைச்சல். மரச் சுரூபம் நிஜக் குதிரை மேல்தான் போகும். மரத்துக்குக் குதிரையேற்றம் தெரியாது. சேணத்தோடு சேர்த்துக் கட்டத்தான் வேண்டும். துணைக்குக் கவசம் மாட்டிய ‘இரும்பு மனிதர்’ ஒருவர் வேறு. வெயிலில் வேர்த்து வழிவது அவர் பாடு. புனிதருக்கு வேர்வை கிடையாது.

ஜார்ஜியார் போர்ச்சுகீசியரின் புனிதர் என்ற பதவிக்கு வந்ததும் யுத்தத்தால்தான். 14ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலோடு மோதிய காஸ்டீல்காரர்கள் புனித யாக்கோபைக் கூப்பிட்டுக்கொண்டே பாய்வார்கள். போர்ச்சுகீசியரும் அதே பெயரைக் கூவினால் பாவம், அவர் யாருக்கென்று ஓடுவார்? எனவே கூட்டாளியான இங்கிலாந்தின் புனிதரை இரவல் வாங்கிக்கொண்டார்கள்.

சக ஊழியர் புனித அந்தோணியார் இன்னும் கெட்டிக்காரர். ரியோவில் அவருக்கு ராணுவப் பதவியே இருந்தது. 1814-இல் லெப்டினன்ட் கர்னல். ஒரு நாளும் அணிவகுப்புக்கு வந்ததில்லை. சம்பளம் மட்டும் பிரான்சிஸ்கன் மடத்துக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

ஜார்ஜியாருக்கு அந்த யோகம் இல்லை. சாவோ பாவுலோவில் ஒரு பவனியில் அவர் சரிந்து விழுந்து ஓர் ஆள் செத்துப்போக, போலீஸ் சுரூபத்தைப் பிடித்து லாக்கப்பில் போட்டதாகச் சொல்வார்கள். கட்டியவனை விட்டுவிட்டார்கள்.