கிளி காத்த அண்ணன்

வாலட் அண்ணனிடம் மணி என்ன என்று கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். பிறகு கைக்கடிகாரத்தை நமக்குத் தெரியாமல் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒம்பதரை வாக்குல இருக்கும்னு வெச்சுக்குங்க" என்பார். சரியான நேரத்தை வெளியாளிடம் சொல்வதில் அவருக்கு உடன்பாடில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையனிடம் ஓடிபி சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். எவ்வளவு தாழ்த்துவார் என்றால் பையனுக்கே கேட்காது. அப்படி ஒருமுறை சிலிண்டர் வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது.

இவர் எங்கள் குடியிருப்பின் தனிச்சொத்து அல்ல. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துகொண்டிருப்பார், ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பார், துபாயில் யாருக்கோ கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அடையாளம் ஒன்றுதான். 2021-ல் கிரிப்டோ வாங்கியிருப்பார். யாரும் எதுவும் கேட்காதபோதே, "அதெல்லாம் நாம வெளிய சொல்லக் கூடாது" என்பார். வெளியே சொல்லக் கூடாது என்பதை ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருப்பார்.

கிரிப்டோ வாலட்டுக்குச் சாவி என்பது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். சிலதில் இருபத்துநான்கு. 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வாலட்டே குருட்டாம்போக்கில் பொறுக்கித் தரும். சீட் ஃப்ரேஸ் என்பார்கள். அந்தச் சொற்கள் அதே வரிசையில் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்தான் உரிமையாளர். கிளை மேலாளர் கிடையாது, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் கிடையாது. இந்தப் பட்டியல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது, கொரிய மொழியில் இருக்கிறது, செக் மொழியில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. அண்ணனுக்கு இது ஆறாத மனக்குறை. "இருந்திருந்தா எவனாலயும் கை வைக்க முடியாது தம்பி. ரகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவுலயே விழுந்து செத்துருப்பான்."

சொற்கள் கிடைத்த அன்றே அவற்றை எங்கே ஒளித்துவைப்பது என்ற கேள்வி வந்தது. பேங்க் லாக்கர் வேண்டாம், பேங்க்காரன் பார்ப்பான். போனில் படமெடுத்து வைக்க வேண்டாம், அது எங்கெங்கோ போய்விடும். (இரண்டாவது யோசனை உண்மையிலேயே சரி. போனில் உள்ள படங்களை மேய்ந்து, அவற்றில் உள்ள எழுத்தைப் படித்து, சீட் ஃப்ரேஸ் போலத் தெரிவதை மட்டும் எடுத்து அனுப்பும் வைரஸ்கள் இருக்கின்றன.) அவர் நல்ல நேரமோ கெட்ட நேரமோ, பன்னிரண்டில் ரைஸ், ஜிஞ்சர், கோகனட் என்று மூன்று சொற்கள் சமையலறைச் சரக்கு. அண்ணனுக்குப் பொறி தட்டியது. மளிகைச் சாமான் பட்டியல் எழுதி, நடுநடுவே தம் சொற்களைச் செருகி, ஃப்ரிட்ஜ் கதவில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி காந்தத்தால் ஒட்டிவைத்தார். திருடன் பார்த்தால்கூட மளிகைச் சிட்டை என்று தாண்டிப் போய்விடுவானாம்.

திருடன் வரவில்லை. ஒன்றாம் தேதி வந்தது. அண்ணி அந்தச் சிட்டையைப் படமெடுத்து அண்ணாச்சி கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். அரைமணி நேரத்தில் கடையிலிருந்து போன்.

"அக்கா, அரிசி போட்டாச்சு, இஞ்சி போட்டாச்சு, தேங்காய் நாலு போட்டாச்சு. இந்த ஜிராஃப் மட்டும் நம்ம கடையில இல்ல. வேற பிராண்டு பரவாயில்லையா?"

அன்று இரவு அண்ணன் தூங்கவில்லை. புது வாலட், புதுச் சொற்கள் என்று ஏற்பாடு செய்து, இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றினார். மாற்றுவதற்கு ஈதர் என்ற கிரிப்டோவில் ஆன கட்டணத்தில் அண்ணாச்சி கடைப் பாக்கி முழுவதையும் அடைத்திருக்கலாம் என்பது அண்ணியின் கணக்கு. பிறகு சொற்களை எஃகுத் தகட்டில் அடித்து எங்கேயோ வைத்துவிட்டார். தீயில் வேகாது, வெள்ளத்தில் அழியாது. எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதிலும் எனக்கு ஐயம் உண்டு.

பிரிட்டனில், வேல்ஸின் நியூபோர்ட் நகரத்தில் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்று ஒருவர். அவருடைய சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க் 2013-ல் வீட்டுக் குப்பையோடு போய்விட்டது. ஊர்க் குப்பைக்கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு நகராட்சியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. இதை அண்ணியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். (நான்தான்.)

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்கங்க போய்த் தேடறது?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சுன்னா?"

"கனவுல வந்து சொல்றேன்."

"கனவுல வர்றது நீங்கதான்னு நான் எப்படி நம்பறது? ஏதாச்சும் லிங்க் அனுப்புவீங்களா?"

அப்படி என்னதான் உள்ளே வைத்திருக்கிறார் என்று கேட்பீர்கள். கொஞ்சம் ஈதர், பிறகு இரண்டு கிளிகள். கறுப்புக் கண்ணாடி போட்ட கிளி ஒன்று, கிரீடம் வைத்த கிளி ஒன்று. என்எஃப்டி, அதாவது உரிமைச் சீட்டோடு விற்கும் டிஜிட்டல் படங்கள். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற ஓவியரின் டிஜிட்டல் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 69.3 மில்லியன் டாலருக்குப் போனதே, நம் பணத்தில் 500 கோடிக்கு மேல், அதை வாங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் விக்னேஷ் சுந்தரேசன் என்று தெரிந்ததும் அண்ணனுக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு ஐ.ஏ.எஸ். கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "நம்ம ஆளு!" என்று சொல்லிக்கொண்டே மறு வாரம் கிளி வாங்கினார். அதே மாதத்தில் ட்விட்டர் நிறுவனர் ஜாக் டோர்ஸியின் முதல் ட்வீட்டை 29 லட்சம் டாலர் கொடுத்து ஒருவர் வாங்கினார். அடுத்த ஆண்டு அதை விற்கப் போட்டபோது சில நூறு டாலருக்குத்தான் கேட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் அண்ணனுக்கு நெட் வேலை செய்யவில்லை.

கிளிகளுக்குக் காவல் இருந்ததால் அவருக்கு உலகத்துக்கே காவல் இருக்கும் யோக்கியதை வந்துவிட்டது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவுபோய், காசு போட்டவர்கள் எடுக்க முடியாமல் தவித்தபோது, லிஃப்டில் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வகுப்பெடுத்தார். சாவி நம்மிடம் இல்லாவிட்டால் காசும் நம்முடையது இல்லை. அட்மின் ஒருநாளும் தானாக வந்து மெசேஜ் போட மாட்டான். கேட்காமல் வந்த இலவசத்தைத் தொடவே கூடாது. நான்காவது மாடியிலிருந்து தரைத்தளம் வரும்வரை அத்தனையும் பொன்னான வார்த்தைகள். அட்ரஸ் சரிபார்க்கும் கலையும் சொல்லிக்கொடுப்பார்: முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து. இதில் மட்டும் அவர் கோட்டைவிட்டார். முதலும் கடைசியும் நாம் பழகிய அட்ரஸ் போலவே இருக்கிற மாதிரி ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து சல்லிக்காசை நமக்கு அனுப்பிப் பழைய கணக்குப் பட்டியலில் உட்கார்ந்துகொள்கிற கூட்டம் உண்டு. அடுத்த முறை அவசரத்தில் அதையே நகலெடுத்து அனுப்பிவிடுவோம். 2024 மே மாதம் ஒருவர் இப்படி அனுப்பியது 6.8 கோடி டாலர். திருடன் பயந்துபோய்ப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான் என்பது அபூர்வம். எல்லாத் திருடனும் பயப்படுகிற ஜாதி இல்லை.

அண்ணனுடைய சந்தேகத்துக்கு ஒரு விசித்திரமான பூகோளம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் எல்லாம் திருடன். மைத்துனன், பேப்பர் போடுகிறவன், இருபது வருடமாக அவர் கணக்கு இருக்கிற பேங்க், எல்லாம் அதில் அடக்கம். தூரம் ஆக ஆக நம்பிக்கை வளரும். கண்டம் தாண்டிவிட்டால் சத்தியசந்தன்தான்.

இதன் முதல் பலன் டெலிகிராமில் கிடைத்தது. யாரோ ஒரு அப்பாவி எழுதியிருந்தான்: "என் வாலட்டில் 3,000 டாலர் யுஎஸ்டிடி இருக்கிறது, வெளியே எடுக்கத் தெரியவில்லை, யாராவது உதவுங்கள், இதோ என் பன்னிரண்டு சொற்கள்." அண்ணன் பதறிவிட்டார். சொற்களை இப்படிப் பொதுவில் போடலாமா! எவனாவது எடுத்துவிட்டால்? வேறு எவனும் எடுக்கும் முன் தாமே எடுத்துப் பத்திரப்படுத்திவிடலாம் என்று உள்ளே போனார். பணம் நிஜமாகவே இருந்தது. அனுப்புவதற்கான கட்டணம்தான் இல்லை. அந்தப் பணம் இருந்த டிரான் வலைப்பின்னலில் அதை டிரான் காயினாகக் கட்ட வேண்டும். தம் கையிலிருந்து போட்டார். போட்ட கட்டணம் கண்ணெதிரே மாயமாகப் போனது. 3,000 டாலர் அசையவில்லை. அந்த வாலட்டிலிருந்து பணம் அனுப்பும் அதிகாரத்தை அப்பாவி முன்பே வேறு சாவிக்கு மாற்றிவைத்திருக்கிறான். பன்னிரண்டு சொற்கள் வெறும் இரை. திருட வருகிறவனிடம் திருடுகிற இந்தத் தொழிலின் அழகே, போன காசுக்கு யாரும் புகார் கொடுக்க முடியாது என்பதுதான். "நான் காப்பாத்தத்தான் போனேன்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன்.

கடைசியில் கிளிகள் போனது இன்னும் எளிமை. ஒருநாள் வாலட்டைத் திறந்தால் மூன்றாவதாக ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. கேட்கவில்லை, வாங்கவில்லை, தானாக வந்த கிளி. கூடவே, பழைய கிளிகள் வைத்திருப்போருக்கு இரண்டாம் தலைமுறைக் கிளி இலவசம், இன்று இரவுவரைதான், என்று ஒரு லிங்க். இலவசத்தைத் தொடாதே என்று லிஃப்டில் சொன்னவர் என்ன செய்தார்? தளத்துக்குப் போனார். கனெக்ட் வாலட் என்றது, செய்தார். சொற்களைக் கேட்பான் என்று நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். கேட்கவே இல்லை. "சீட் ஃப்ரேஸ் கேக்கலைன்னா அது ஜென்யூன் சைட்டு தம்பி." ஒரு சின்ன ஜன்னல் வந்தது, எண்ணும் எழுத்துமாக ஏதோ இருந்தது, கீழே அப்ரூவ். அழுத்தினார்.

அந்த ஜன்னல் கேட்டது இதுதான்: இந்தத் தொகுப்பில் உமக்கு உள்ள கிளிகள் அத்தனையையும், எப்போது வேண்டுமானாலும், உம்மைக் கேட்காமல் நான் எடுத்துக்கொள்ளலாமா? சந்தைத் தளங்கள் நமக்காகப் பொருளை விற்றுத் தருவதற்கென்று வைத்த நல்ல வசதிதான். ஆள் தெரியாமல் கொடுத்தால் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கதை. இதற்குப் பன்னிரண்டு சொற்கள் வேண்டியதில்லை, எஃகுத் தகடு வேண்டியதில்லை. தளத்தைத் துண்டித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. கொடுத்த அனுமதி நாமே ரத்து செய்யும்வரை அங்கேயே நிற்கும். ஈதர்ஸ்கேன் என்ற தளத்தில் யார் யாருக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கவும் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. வெளியே சுற்ற ஒரு வாலட், கிளிகளை வைக்க எந்தத் தளத்தோடும் இணைக்காத இன்னொரு வாலட் என்று பிரித்துவைக்கிறவர்கள் உண்டு. அண்ணனுக்கும் தெரியும். லிஃப்டில் மூன்றாவது மாடி வரும்போது அதைத்தான் சொல்லுவார்.

ஆறுதலுக்கு அவரிடம் ஆட்கள் இருந்தார்கள். என்எஃப்டி உலகத்தின் பெரிய புள்ளி கெவின் ரோஸே 2023 ஜனவரியில் ஒரே கையெழுத்தில் நாற்பது படங்களைத் தொலைத்தார். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் பெரிய தலைகள் ஹார்டுவேர் வாலட்டை வைத்துக்கொண்டு, திரையில் வழக்கமான பரிமாற்றம் என்று காட்டியதை நம்பிக் கையெழுத்துப் போட்டு, 150 கோடி டாலரை அனுப்பிவைத்தார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாகத் தம் கிளிகளைச் சேர்த்துச் சொல்லும்போது அண்ணன் முகத்தில் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் தெரியும்.

1930-க்குப் போன் போட்டார். சைபர் குற்றத்துக்கான எண். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால் உடனே போட்டது பாராட்ட வேண்டிய காரியம்.

"சொல்லுங்க சார், என்ன போச்சு?"

"ரெண்டு கிளிம்மா."

"சார், கிளி வளர்க்கிறதே சட்டப்படி தப்பு."

"உயிருள்ள கிளி இல்லம்மா, படம்."

"படம் உங்ககிட்ட இப்ப இல்லையா?"

"இருக்கும்மா. எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா என்னுது போச்சு."

அந்தப் பெண் பொறுமைசாலி. அட்ரஸ், நேரம், லிங்க் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்தத் திருட்டில் ஒரு கொடுமை, திருடனின் கணக்கு எல்லார் பார்வைக்கும் திறந்தே கிடக்கும். அண்ணன் தினமும் போய்த் தம் கிளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். ஹாலிவுட் நடிகர் சேத் கிரீன் 2022-ல் பறிபோன தம் குரங்குப் படத்தைக் கிட்டத்தட்ட மூன்று லட்சம் டாலர் கொடுத்து மீட்டார் என்பதால், தமக்கும் பேரம் வரும் என்று எதிர்பார்த்தார். திருடன் இரண்டையும் சேர்த்து விற்பனைக்குப் போட்டான். ஒருவரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்தான். கேட்கவில்லை. மறுபடி குறைத்தான். அண்ணனுக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. "அடிமாட்டு விலைக்குப் போட்டிருக்கான் தம்பி! பொருளோட மதிப்பு தெரியாதவன் எதுக்குத் திருட வரணும்?"

மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. களவுபோன கிரிப்டோவை மீட்டுத் தருவதே தொழிலாம். அமெரிக்காவில் இருக்கிறார்களாம். முன்பணம் இருநூறு டாலர் போதுமாம். இரண்டாவது முறையும் ஏமாற அண்ணன் என்ன பச்சைக் குழந்தையா? "முதல்ல உன் ஐடி கார்டை அனுப்பு" என்று கறாராகக் கேட்டிருக்கிறார். கழுகு முத்திரை, கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர் படம், கீழே எஃப்பிஐ என்று எழுதிய அட்டை ஒன்று வந்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கேட்டு ரெண்டே நிமிஷம். அனுப்பிட்டான் தம்பி. நம்ம தாலுகா ஆபீஸ்ல நடக்குமா இது?"