ஆடியில் புறப்பட்டவர்

என் தாய்மாமாவுக்கு வருஷத்தில் இரண்டே மாதங்கள்தான் சொந்தம்: ஆடியும் மார்கழியும். மற்ற மாதங்களில் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் யாராவது யாருக்காவது தாலி கட்டிக்கொண்டே இருப்பார்கள். மாமா அவர்களுக்குப் பின்னால் பூக் கட்டிக்கொண்டிருப்பார். மேடை அலங்காரம் அவர் தொழில். புரட்டாசியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் பெருமாள் விடமாட்டார். ஆகவே ஆடி பிறந்ததும் அம்மன் கோயில் மாலைகளைப் பையன்களிடம் ஒப்படைத்துவிட்டு, மஞ்சள் பையோடு கிளம்பிவிடுவார். உலகம் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பட்டுத் துணி எடுத்த மாதங்களில் உழைத்து, தள்ளுபடித் துணி எடுக்கும் மாதத்தில் ஊர் சுற்றியவர் அவர்.

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பூச்சந்தையைத்தான் பார்ப்பார். கல்கத்தாவுக்குப் போய் ஹௌரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, காளியைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். அத்தை கோபித்துக்கொண்டாள். “அவளுக்குப் போற மாலையையெல்லாம் பார்த்தாச்சே, அது போதாதா?” என்றார். சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டில் ஒரு முழம் மல்லி வாங்கி, முகர்ந்து, “நிலக்கோட்டைச் சரக்கு. நேத்து ராத்திரி நம்ம பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வந்திருக்கும்” என்றாராம். கடைக்காரர் அளந்த முழத்தை மறுபடி தன் கையால் அளந்து பார்த்ததையும், அதனால் வந்த வாக்குவாதத்தையும் அத்தைதான் சொன்னாள். பூக்கடைக்காரன் எப்போதும் குட்டைக் கைக்காரனைத்தான் வேலைக்கு வைப்பான் என்பது மாமா கண்டுபிடித்த உலகப் பொதுவிதி. அவர் கடையில் யார் கை எவ்வளவு நீளம் என்று நான் கேட்டதில்லை.

“வயசான காலத்துல வீட்ல இருந்தா என்ன?” என்று அத்தை கேட்கும்போதெல்லாம் செண்டுமல்லியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். “இது மெக்சிகோவுலேர்ந்து கடல் தாண்டி வந்து நம்ம ஆயுதபூஜைல உக்காந்திருக்கு. பூவே போகும்போது பூக்காரன் போகக்கூடாதா?”

2012இல் நான் ஆம்ஸ்டர்டாமில் வேலையில் இருந்தேன். மாமா வந்தார். வழக்கம்போல ஆடியில் வந்தார். சுமார் எழுபது லட்சம் கிழங்குகள் நட்டு வளர்க்கும் கியூக்கன்ஹாஃப் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வாசல் பூட்டியிருந்தது. மார்ச் கடைசியில் திறந்து மே நடுவில் மூடிவிடுவார்கள் என்பது அந்த நாட்டிலேயே வேலை பார்த்த எனக்கும் தெரிந்திருக்கவில்லை. மாமா பூட்டிய கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இவனுக்கும் நம்மள மாதிரி ஆடில லீவு போல” என்றார். அந்தத் தொழில் ஒற்றுமையில் அவருக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

மறுநாள் விடியற்காலை ஆல்ஸ்மியர் ஏல மண்டபம். மேலே நடைபாதையில் நின்று பார்த்தால், கீழே பூ ஏற்றிய தள்ளுவண்டிகளை ரயில்பெட்டிபோல் கோத்துக் குட்டி வண்டிகள் இழுத்துக்கொண்டு ஓடும். மாமா வாயடைத்து நின்றது அன்று ஒருநாள்தான். அப்புறம் ஏலக் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே ஏலம் தலைகீழ்: விலை உச்சியில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ.

“கடைசிவரைக்கும் எவனும் அமுக்கலேன்னா?”

“குறைஞ்சபட்ச விலை ஒண்ணு உண்டு மாமா. அதுக்குக் கீழ போனா விக்கமாட்டாங்க. பூவை அழிச்சிருவாங்க.”

“ஏன், பக்கத்துல கோயில் இல்லையா?”

பிறகு ரோஜா வண்டிகளைப் பார்த்து, அவை எந்தத் தோட்டத்துப் பூ என்று கேட்டார். கென்யா, எத்தியோப்பியாவிலிருந்து விமானத்தில் வருபவைதான் நிறைய என்றேன். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பல வருஷமாக அவர் கல்யாண வீட்டாரிடம் ‘டச்சு ரோஸ்’ என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கியதெல்லாம் ஓசூர் ரோஜாவுக்கு. “டச்சுக்காரனே டச்சு ரோஸை வெளியிலதான் வாங்குறான். நான் பண்ணுனது ஒண்ணும் தப்பில்ல மாப்ளே!” அவர் மனசாட்சி அன்றைக்குத்தான் லேசானது. ட்யூலிப்பே துருக்கிப் பக்கமிருந்து வந்தது என்று நான் சொன்னபோது, எனக்கு ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்த மறுவருஷம் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கோட்டையில் பறித்த பூவுக்கு மதுரைப் பெயரா என்று மாமா ஆறு வருஷம் பொருமினார். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்கும் குறியீடு வந்தது. “அவங்களுக்குப் பூ, நமக்குப் பூட்டு” என்றார். அதற்குமேல் பொருமவில்லை.

போன ஆடியில் இறந்தார். ஒரு கல்யாணமும் கெடவில்லை. பந்தலுக்கு வந்த மலர்வளையங்களில் பாதி பச்சை ஸ்பாஞ்சில் குத்தியவை. அவர் பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்து பிரித்துக் கட்டியிருப்பார். பையன்கள் அவருக்கென்று சம்பங்கி மாலையை வாழைநாரில் தனியாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அளவு கொஞ்சம் தாராளம். நீளக் கைக்காரன் கட்டியது.

சட்டைப் பையில் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வாங்கிய அட்வான்ஸ் இருந்தது. பையன்களே போய் மேடை போட்டார்கள். நானும் கூடப் போனேன். பெண்ணின் அப்பா வந்து, “அண்ணன் எங்கே?” என்றார். அவருக்குச் செய்தி தெரியவில்லை. மணமேடைக்கு எதிரே நின்று அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா? மூத்த பையன் குருத்தோலையை மடித்தபடியே, “வெளியூர் போயிருக்காருங்க” என்றான்.

அவருக்கு வந்ததே கோபம். “முகூர்த்த நாள்ல எவனாவது ஊருக்குப் போவானா?”