தறிக்காரர் மகன் துணி வெட்டுகிறான்

லிங்கன், நெப்ராஸ்கா
பிப்ரவரி, பனி கொட்டும் ஒரு புதன்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

 

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசியதைவிடப் பெருமூச்சு விட்டதுதான் அதிகம். "சென்னிமலையில பொறந்துட்டு, போத்திக்க ஒரு போர்வைக்கு வழியில்லாம ஒட்டுத்துணி தெச்சுட்டு இருக்கறயா கண்ணு? ஆராச்சும் வந்தா நாலு போர்வை குடுத்தனுப்பறேன்" என்றாள். நீ பக்கத்தில் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது உன் பொறுப்பு.

முதலில் விசா சங்கதி. வீட்டம்மாவுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நான் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். எச்-4 என்று அந்த வாலுக்குப் பெயர். தனியாக அனுமதி வாங்காமல் நான் காசுக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். சும்மா உட்காரலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது, வீட்டில் இல்லை. ஆக, சமையல், பாத்திரம், துவைக்கிற துணி, ஐந்து வயதுப் பெரியவன், இரண்டு வயதுச் சின்னக்குட்டி, கடனுக்கு வாங்கிய ஒரு பழைய மரவீடு, எல்லாம் என் தலையில். இதற்கு நடுவில்தான் குவில்ட்.

குவில்ட் என்றால் ஒட்டுப்போட்ட துணி மட்டும் இல்லை அக்கா. மூன்று அடுக்கு. மேலே துண்டுகளைக் கோத்துத் தைத்த முகப்பு. நடுவில் பஞ்சுத் தகடு, பேட்டிங் என்பார்கள். அடியில் முழுத்துணி. மூன்றும் நழுவாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுகிற தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். கடைசியில் நாலு ஓரத்துக்கும் பட்டி. பழைய சேலைகளை மடித்து அடுக்கிப் பச்சைக் குழந்தைக்கு விரிப்புத் தைப்போமே, அதற்கு இது பணக்காரப் பங்காளி. பணக்காரன் என்று சும்மா சொல்லவில்லை. இதற்கான பருத்தித் துணி கெஜம் 12, 13 டாலர். பெரிய கட்டிலுக்கு மேலும் கீழும் சேர்த்து 15 கெஜம் பிடிக்கும். கடையில் தயாராகத் தொங்குகிற போர்வையை இதில் கால்வாசிக் காசுக்கு வாங்கிவிடலாம்.

அப்பா ஆயுசெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து ஒற்றைத் துணியாக நெய்து கொடுத்தார். மகன் அந்த மாதிரி முழுத்துணியைக் காசு போட்டு வாங்கி, சதுரம் சதுரமாக வெட்டி, மறுபடி முழுசாக்கப் பாடுபடுகிறான். இதைவிட வெட்டி வேலை உலகத்தில் உண்டா என்று நீ கேட்பாய். இருக்கிறது. இந்த வீட்டுச் சுவர்.

இங்கே சுவர் என்பது சுவரே இல்லை. 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்து, பெயின்ட் பூசிச் சுவர் என்று சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டில் ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் வளையும். இங்கே பெரியவன் மூன்று சக்கர வண்டியைப் பின்னால் ஓட்டி நடைச் சுவரில் ஒரு தேங்காய் அளவுக்குப் பொத்தல் போட்டான். அதைச் சரிசெய்வது எப்படித் தெரியுமா? பொத்தலைச் சதுரமாக வெட்டி, அளவாக ஒரு துண்டு வைத்து, இணைப்பின்மேல் வலைப்பட்டி ஒட்டி, மாவு போன்ற பூச்சைத் தடவிக் காயவைத்துத் தேய்க்க வேண்டும். மறுபடி தடவி, மறுபடி தேய்க்க வேண்டும். ஒட்டுப்போடுவதுதான் வீட்டு வேலை என்றால் நான் துணியில் போட்டால் மட்டும் அம்மாவுக்கு ஏன் பெருமூச்சு?

தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூள் அடுத்த அறையில் விரித்து வைத்திருக்கிற பேட்டிங்கைத் தேடிப் போய்த்தான் உட்காரும். அதனால் இந்த வீட்டில் ஒரு பஞ்சாங்கம் உண்டு. சுவர் தேய்க்கிற நாளில் துணி விரிப்பதில்லை. துணி விரித்த நாளில் பருப்புத் தாளிப்பதில்லை, ஜன்னல் திறக்க முடியாத குளிரில் வாசம் பஞ்சில் ஏறிவிடும். சின்னக்குட்டிக்கு மூக்கு ஒழுகினால் எதுவும் விரிப்பதில்லை.

குழாய்க் கதையைக் கேள். அடுப்படிக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பிளம்பர் வாசற்படி ஏறுவதற்கே ஒரு தொகை கேட்பார் என்பதால் நானே பிரித்து, உள்ளே இருந்த ரப்பரை மாற்றி, ஒரு சொட்டு இல்லாமல் நிறுத்தினேன். வீட்டம்மா பாராட்டினாள். ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக்குப் போனது. பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து, "ராத்திரி குழாயைச் சொட்டு விட்டு வை. ஓடுகிற தண்ணீர் சுலபத்தில் உறையாது. மூடி வைத்தால் உள்ளே பனிக்கட்டியாகிக் குழாய் வெடிக்கும்" என்றார். ஆகவே, பாடுபட்டு நிறுத்திய சொட்டை நானே எழுந்துபோய்த் திறந்துவிட்டு வந்தேன். அலமாரிக் கதவையும் திறந்து வைக்க வேண்டுமாம், வீட்டுச் சூடு குழாயில் பட.

குளிர் கதவுக்கு அடியிலும் வரும். அதற்கு மட்டும் என் கையில் மருந்து இருந்தது. மிஞ்சிய துணியில் கதவு நீளத்துக்கு ஓர் உறை தைத்து, பேட்டிங் வெட்டுத்துண்டுகளை உள்ளே திணித்து வாசலடியில் போட்டேன். காற்று நின்றது. வீட்டம்மா என் தையலை மதிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான். அதுவரை துணி மூட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் பேசாமல் தாண்டுவாள். பேசாமல் தாண்டுவதில் எத்தனை பேச்சு உண்டு என்று மாமாவைக் கேட்டால் சொல்வார்.

அவளும் அறிவியல்காரி அல்லவா, இதில் மூக்கை நுழைக்காமல் இருப்பாளா? குவில்ட்டில் தையலுக்கு விடுகிற ஓரம் கால் அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. உன் ரவிக்கையில் அரை அங்குலம் விட்டு வைத்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம். இங்கே அந்தக் கருணை கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகும். 16 தையல் முடிவதற்குள் இரண்டு அங்குலம் காணாமல் போயிருக்கும். என் வரிசை ஒன்று பக்கத்து வரிசையோடு சேராமல் நின்றபோது, அவள் ஸ்கேல் வைத்து அளந்து, "தப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு. அப்படியானால் அது தப்பு இல்லை, கருவியின் குணம்" என்று தீர்ப்புச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான்.

தைக்கிற இடம் சாப்பாட்டு மேசை. இட்லித் தட்டு வந்தால் மெஷின் நகரும்; மெஷின் வந்தால் தட்டு நகரும். துணி வெட்டுகிற வட்டக் கத்தி, பீட்சா வெட்டுவது போலச் சக்கரமாக இருக்கும், அது குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வாசம். அதைக் கைதவறிக் காகிதத்தில் ஓட்டினால் முனை மழுங்கிவிடும். பெரியவன் அதில் வெட்ட ஆசைப்படுகிற ஒரே பொருளோ காகிதம். சின்னக்குட்டிக்குப் பாபின்மேல் மோகம். முழு பாபினைக் கையில் கொடுத்தால் வீடு முழுக்கப் பாவு ஓட்டிவிடுவாள். தறிக்காரர் பேத்தி என்பது அங்கேதான் தெரிகிறது.

இதில் பெரிய யாகம் பேஸ்டிங். மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து ஊக்குக் குத்தும் சடங்கு. மேசை நாற்காலியை ஓரம் கட்டி, அடித்துணியைத் தரையில் இழுத்துப் பிடித்து, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் ஒட்டுகிற நீலநிற டேப்பால் ஒட்ட வேண்டும். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் முகப்பு. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் முடியும், தூங்கவே மாட்டார்கள். அவ்வளவு பெரிய மெத்தையைத் தரையில் கண்ட எந்தப் பிள்ளை தூங்கும்? நடுராத்திரி முழங்காலில் ஊர்ந்து ஊக்குக் குத்தி, காலையில் டப்பாவில் மிச்சமிருப்பதை எண்ணி, கணக்கு உதைத்தால் சின்னக்குட்டி வாயைத் திறந்து பார்த்து, பிறகுதான் எனக்குக் காப்பி.

அம்மாவுக்கு இன்னொரு மனக்குறை, ஆம்பளைப் பையன் தைக்கிறானே என்று. நம் கடைவீதியில் மெஷின் மிதிக்கிறவர்கள் எல்லாம் யாராம்? கூலிக்குத் தைத்தால் டெய்லர், சொந்த வீட்டுக்குத் தைத்தால் கேவலமா? இங்கேயும் கதை கொஞ்சம் அப்படித்தான். மாதம் ஒருமுறை தையல்காரர்கள் கூடுகிற ஒரு சங்கத்துக்குப் போகிறேன். அறை நிறையப் பாட்டிமார், நடுவில் நான். முதல் நாள் ஒருவரும் என்னிடம் தையலைப் பற்றிக் கேட்கவில்லை. ஆம்பளை வந்துவிட்டான் என்று ஒருத்தர் கார் ஷெட் கதவு கிறீச்சிடுவதைச் சொன்னார், இன்னொருத்தர் கழிவறைத் தொட்டி நிற்காமல் ஓடுவதைச் சொன்னார். எனக்கு முன்னால் எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பதில் சொல்லிவிட்டார். தொட்டிக்குள் இருக்கிற ரப்பர் மூடி தேய்ந்திருக்கும், ஐந்தாறு டாலருக்குக் கிடைக்கும், மாற்று என்று. என் வீட்டுத் தொட்டியையும் அந்த வித்தையில்தான் நிறுத்தினேன். அந்தப் பாட்டி சின்ன வயதில் மாவு மூட்டைத் துணியில் சட்டை போட்டவர். 1930-களில் மாவு, தீவனக் கம்பெனிகள் பெண்கள் கிழித்துத் தைக்கட்டும் என்றே சாக்குத் துணியில் பூ அச்சடித்து விற்றார்களாம். மாட்டுக்கு எந்தத் தீவனம் என்பதைச் சாக்கின் பூ தீர்மானித்த வீடுகள் உண்டு என்று சொல்லிச் சிரித்தார்.

ஊரே இந்தப் பித்துக்கு ஆளானதுதான். குவில்ட்டுக்கென்றே இங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் என்ற தம்பதி தாங்கள் சேர்த்து வைத்திருந்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான குவில்ட்டுகளை 1997-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்ததில் தொடங்கியது. 2008-ல் தனிக் கட்டடம் வந்தது. இப்போது 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் சரக்கு இருக்கிறது. நான் முதலில் போனது கலைக்காக இல்லை, பிள்ளைகள் ஓடுவதற்குச் சூடான கூடம் என்பதற்காக. துணி வெளுக்காமல் இருக்க விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள். அந்த இருட்டில் சின்னக்குட்டி தூங்கிவிடுவாள். எனக்கு அதுவே கலைச்சேவை.

இந்தப் பக்கம் குடியேறியவர்கள் கதையும் அங்கேதான் தெரியவந்தது. 1862-ல் ஒரு சட்டம் போட்டு, ஐந்து வருஷம் குடியிருந்து உழுகிறவனுக்கு 160 ஏக்கர் என்று கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலமெல்லாம் அதுவரை யாருடையது என்பது வேறு கதை, சோகக் கதை. வந்தவர்களுக்கு வீடு கட்ட மரம் இல்லை. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையிலிருந்து மண் உதிரும், புழு உதிரும், மழை நின்ற பிறகும் ஒழுகும். சாப்பாட்டில் விழாமல் இருக்கக் கூரைக்கு அடியில் துணியை இழுத்துக் கட்டுவார்களாம். அங்கே உட்கார்ந்தும் பெண்கள் குவில்ட் தைத்திருக்கிறார்கள். ஜிப்சம் சுவரை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு புலம்புவது அவர்கள் காதில் விழாமல் இருக்க வேண்டும்.

விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தாய். விற்றால் விசாதான் போகும். சங்கத்தில் சின்னச் சின்னக் குவில்ட் தைத்து, ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நானும் அதில் சேர்ந்திருக்கிறேன். பெரிய குவில்ட் பாதியில் நிற்கிறது, நடைச் சுவர் இரண்டாவது பூச்சில் நிற்கிறது. இரண்டில் எது முதலில் முடியும் என்று வீட்டம்மா அவள் அம்மாவோடு பந்தயம் கட்டியிருக்கிறாள்.

இப்போது வேண்டுகோள். அடுத்த மாதம் ஈரோட்டிலிருந்து வீட்டம்மாவோடு வேலை பார்க்கும் ஒரு பையன் வருகிறான். போர்வை வேண்டாம், அம்மாவிடம் சொல்லிவிடு. மாமாவுடைய பழைய கட்டம் போட்ட லுங்கி நாலைந்து கொடுத்தனுப்பு. நன்றாகத் துவைத்துத் துவைத்துச் சாயம் போனதாக வேண்டும். புதுச் சிவப்பு வேண்டாம், பக்கத்துத் துண்டில் இறங்கிவிடும். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளிலேயே குவில்ட் தைத்தார்கள். அவை நியூயார்க் அருங்காட்சியகத்தில் தொங்கி, 2006-ல் தபால்தலையிலும் வந்துவிட்டன. அதில் மிசூரி பெட்வே என்ற அம்மா 1942-ல் தைத்த ஒன்றின் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குப் புதுத்துணியே பிடிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் வயலில் போட்டுத் தேய்த்த துணிகளில் தைத்தது அது. வீட்டுக்காரர் செத்த பிறகு, அந்தத் துணியிலேயே போர்த்திக்கொள்ள வேண்டும் என்று தைத்தாராம்.

இந்தக் கடைசிச் சேதியை மட்டும் மாமாவிடம் படித்துக் காட்டாதே. தம்பி லுங்கி கேட்டான் என்று மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் தம்பி