திட்டுவதற்கு ஆளில்லாத வீடு

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு மிகத் தெளிவானது. சமையல், வரவு செலவு, கேஸ் புக் பண்ணுவது, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்று தீர்மானிப்பது எல்லாம் மனைவி. மகனைத் திட்டுவது நான். வேறு எந்தப் பொறுப்பையும் என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை என்பதால், கொடுத்த ஒன்றை மனசாட்சிப்படி செய்துவந்தேன். காலையில் எழாததற்கு ஒரு திட்டு, எழுந்ததும் போனைக் கையில் எடுத்ததற்கு ஒன்று, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்குத் தனியாக ஒன்று. இப்போது அந்தப் பதவியை இந்திய ராணுவம் பறித்துக்கொண்டுவிட்டது.

மகன் அக்னிவீரனாகத் தேர்வாகிப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். எந்த மையம் என்று மட்டும் கேட்காதீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை ஒட்டிய வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. இந்த இரண்டில் ஒன்றா, வேறு ஊரா என்று நான் வாய் திறக்கப்போவதில்லை. இந்தக் கட்டுரை அவனுடைய உஸ்தாத் கண்ணில் பட்டால் மைதானத்தைக் கூடுதலாகச் சுற்றப்போவது நானல்லவே.

உஸ்தாத் என்பவர் பயிற்சி கொடுக்கிற ஹவில்தார். முகம் தெரியாத அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. என் தொண்டை வறண்டும் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்காத பையன், அவர் ஒரு விசில் ஊதினால் நாலரைக்கு எழுந்து, முகம் மழித்து, போர்வையை மூலைக்கு மூலை மடித்துவைத்து, பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டு நிற்கிறானாம். துண்டைக் கொடியில்தான் காயப்போடுகிறானாம். ‘லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், என்ன போட்டாலும் சாப்பிடுகிறேன்’ என்கிறான். பாகற்காய் உட்படவா என்று கேட்டேன். உட்பட.

போகுமுன் நான்தான் ஊரெல்லாம் மார்தட்டினேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் 60 மார்க், பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 மார்க் என்பது என் நாக்கில் கந்தசஷ்டி கவசம் போல ஓடியது. சாயங்காலத்தில் அவன் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பக்கம் ஓட, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஸ்டாப் வாட்சும் கையுமாக நான் பின்னால் போவேன். தெருநாய் என்னைத் துரத்துமே தவிர அவனை ஒன்றும் செய்யாது. நான் வேறு தெரு வழியாகச் சுற்றிவந்து சேரும்போது, நேரத்தை அவனே பார்த்துக் குறித்துவைத்திருப்பான்.

டீக்கடையில் சரித்திரம் வேறு. ‘1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதசாலை அமைத்து, படை பழக்கிய ஊர் இது. அதற்கு மூணு வருஷம் கழித்துத்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டே பிறக்கிறது. அப்படியென்றால் சீனியர் யார்?’ என்று கேட்பேன். கடைக்காரர், ‘பழைய பாக்கி 140 ரூபாய்ண்ணே’ என்பார். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் நம் விருப்பாச்சியில் வந்து தங்கித்தான் படை திரட்டி, 1780-ல் சீமையை மீட்டார் என்பதையும் விடமாட்டேன். பையன் போன பிறகுதான் அந்தக் கதையில் ஒரு விஷயம் உறைத்தது. அந்த அம்மாள்கூட மகள் வெள்ளச்சியைக் கூடவேதான் வைத்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது டிரங்குப் பெட்டிக்கு நான் கொடுத்தது பட்டறையில் சொல்லிச் செய்த மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பத்து ரூபாய்த் தகரத்தைப் போட்டுக்கொண்டு போனால் ஊர் மானம் என்னாவது? ‘அப்பா, பெட்டியைவிடப் பூட்டு கனக்குது’ என்றான். அப்புறம் கேள்விப்பட்டது: பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்ன ஒரு நாளில் பையன் சாவியைத் தொலைத்திருக்கிறான். சுத்தியல் வந்திருக்கிறது. பூட்டு அசையவில்லை. கடைசியில் நாதாங்கியைத்தான் பெயர்த்திருக்கிறார்கள். பையனுக்கு ரகடா, அதாவது உருளவும் தவழவும் வைத்து எடுக்கிற தண்டனை. அவன் சோகமாகச் சொல்ல, நான் இங்கே பட்டறைக்காரருக்கு போன் போட்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மனைவி அழுவாள், தேற்றவேண்டும் என்று நான் வசனமெல்லாம் தயார் செய்திருந்தேன். அவள் அழவில்லை. பையன் கட்டிலில் வெங்காயத்தைப் பரப்பிக் காயவைத்துவிட்டாள். ராத்திரி விழித்துக்கொண்டு வாட்ஸப்பில் ‘லாஸ்ட் சீன்’ பார்ப்பது நான்தான். போனை வாங்கி வைத்துவிட்டு வாரத்துக்கு ஒருநாள்தான் கொடுக்கிறார்கள் என்பது தெரியும். தெரிந்தும், புதன்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு ஞாயிற்றுக்கிழமை நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ‘என்னங்க, அது மாறாதுங்க, தூங்குங்க’ என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்.

திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கேபிள்காரனைத் திட்டினேன்; அவன் மாத வாடகையை நினைவுபடுத்தினான். டி.வி.யில் செய்தி வாசிப்பவரைத் திட்டினேன், அவர் மதிக்கவில்லை. ஈரத்துண்டு கட்டில்மேல் கிடந்தது கண்டு ஒருநாள் பாய்ந்தேன். அது என் துண்டு.

கோட்டை மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதலும் வைத்தேன். பையன் நல்லபடியாகப் பயிற்சி முடித்து, உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடு முடிக்கும்வரை பிரியாணி தொடுவதில்லை. ஆறேழு மாதப் பயிற்சி. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இப்படி வேண்டிக்கொள்பவன் ஒன்று மகானாக இருக்கவேண்டும், அல்லது மூக்கில்லாதவனாக இருக்கவேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் எத்தனை அண்டா திறக்கிறார்கள்! முதல் மாதத்திலேயே அம்மனிடம் பேச்சுவார்த்தை தொடங்கியது. வேண்டிக்கொண்டபோது என் மனதில் இருந்தது மட்டன்தான், சிக்கன் அல்ல என்று விளக்கம் சமர்ப்பித்தேன். அடுத்து, சீரகச் சம்பா என்றால்தான் பிரியாணி, பாசுமதியில் செய்தது வெறும் கறிச்சோறு என்ற முடிவுக்கு வந்தேன். அம்மன் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வேறு தினுசு. ஒரு காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்த உடனே, ‘நாலு வருஷம்தானாமே மாப்ளே? அப்புறம்?’ என்று ஆரம்பித்தார்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தை நான் இலை போடும் நேரத்துக்குள் விளக்கினேன். முதல் வருஷம் மாதம் 30,000. கைக்கு வருவது 21,000. பிடிக்கிற 9,000-க்கு அரசாங்கமும் அதே அளவு போட்டு, நாலு வருஷ முடிவில் சுமார் 11.71 லட்சம், நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிரந்தரம். ‘மிச்சம் எழுபத்தஞ்சு?’ என்றார் எதிர் இலை. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் ராத்திரி ஒரு மணிக்கு வருகிற கேள்விதான் அது. பாயசம் வந்ததால் பிழைத்தேன்.

கடைசியில் அடுத்த தெரு சுபேதார் சித்தப்பாவிடம் போனேன். ரிட்டயர்டு. சர்வீஸில் பல வருஷம் உஸ்தாதாகவே இருந்தவர். ‘இன்லேண்ட் லெட்டர்ல கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.ன்னு எழுதிப் போட்டுட்டு பதிலுக்குக் காத்திருந்த காலம்ப்பா எங்களுது. தந்திக்காரன் சைக்கிள் தெருவுக்குள்ள வந்தாலே எங்காத்தா கதவச் சாத்திரும். என் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்தியவே வாங்க மாட்டேன்னுருச்சு’ என்றார். 2013-ல் தந்தி நிறுத்தப்பட்ட செய்தியைப் பேப்பரில் வெட்டி ஆத்தா போட்டோவுக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார்.

நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். ‘சித்தப்பா, பத்தொன்பது வருஷமா என்னால முடியாதத அந்த உஸ்தாத் எப்படி ஒரே வாரத்துல முடிச்சாரு? கசம் பரேடுக்குப் போறப்ப அவரத் தனியாப் பாத்து ரகசியத்தக் கேக்கலாம்னு இருக்கேன்.’

சித்தப்பா காபி டம்ளரை வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எழுப்பிய அந்தக் குரலில், உள் அறையைப் பார்த்து, ‘டேய், மணி ஒம்போது! எந்திரிடா!’ என்று ஒரு சத்தம் போட்டார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்குக் கால் தானாக அட்டென்ஷனுக்கு வந்தது.

உள்ளேயிருந்து, முப்பது வயதைத் தாண்டிய குரல் ஒன்று சாவதானமாக வந்தது: ‘அஞ்சு நிமிஷம்ப்பா...’

சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

‘இன்னொரு காபி கிடைக்குமா சித்தப்பா?’ என்றேன்.