முதல் நாலோடு சரி

மெட்டாலிக்கா இசைக்குழுவின் ரசிகர்களில் ஒரு ரகம் உண்டு. முதல் நாலு ஆல்பத்தோடு கதை முடிந்தது என்பார்கள். 1983 முதல் 1988 வரை வந்ததுதான் வேதம். 1991-இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றதே, அதுதான் அதன் குற்றம்! 1996-இல் 'லோட்' வந்தபோது குழுவினர் நால்வரும் முடியை வெட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டைவிட சலூன்காரருக்குத்தான் திட்டு அதிகம் விழுந்திருக்கும்.

2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு, அதில் ஒலித்த மெட்டாலிக்காவின் 1986-ஆம் ஆண்டுப் பாட்டைத் தேடிப் பொடிசுகள் வந்தன. நேற்று முளைத்ததுகள் என்று விரட்டினார்கள் பெரியவர்கள். முதல் நாலில் ஒன்றைத்தானே ஐயா கேட்கிறார்கள்? அதுவும் தப்பாம். இத்தனைக்கும், கச்சேரியில் கறுப்பு ஆல்பப் பாட்டு தொடங்கினால் முதலில் கிழிவது இவர்கள் தொண்டைதான்.