மல்லிப் பதியன் கொடுத்துவிடாதே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். சின்னவன் இங்கே பிரான்சுக்கு வரும்போது கொல்லைக் குண்டுமல்லியில் ஒரு பதியனும் ஒரு பொட்டலம் கனகாம்பர விதையும் கொடுத்துவிடட்டுமா என்கிறாய். தாயே, வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவுக்குள் செடி, விதை, பூ, பழம் எது நுழைந்தாலும், நோய் பூச்சி இல்லையென்று புறப்பட்ட நாட்டு சர்க்கார் சான்றிதழ் எழுதித் தரவேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். துரியன் நாற்றத்துக்கே அஞ்சாதவர்கள் உன் கனகாம்பர விதைக்கு நடுங்குகிறார்கள்! மாங்கனித் திருவிழாவில் இறைக்கிற மாம்பழத்தை அத்தான் முண்டியடித்துப் பிடித்து, காரைக்கால் அம்மையார் பிரசாதம் என்று மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாலும், விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தேங்காய் மட்டும் போதும் என்று சொல்லிவிடு.

மல்லி இங்கேயும் இருக்கிறது, தொட்டியில். குளிர்காலம் முழுக்க ஹாலில் ஹீட்டர் பக்கத்தில்தான் அதற்கு வாசம். எனக்குக்கூட அந்த இடம் கிடையாது. மே மாதம் வெயில் அடித்ததும் வெளியே தூக்கினேன், பக்கத்து வீட்டு மதாம் வேலிக்கு மேலே தலையை நீட்டி ‘நோ நோ’ என்றாள். மே 11, 12, 13 மூன்று நாளும் பனிப் புனிதர்கள் நாளாம். மமேர், பான்க்ராஸ், செர்வே என்று மூன்று பேர். அவர்கள் கடந்து போகிறவரை இங்கே யாரும் மென்மையான செடியை மண்ணில் வைக்கமாட்டார்கள், ராத்திரியில் உறைபனி விழுந்து கருக்கிவிடும் என்று பயம். நீங்கள் கத்திரி வெயிலில் மோர்ப்பந்தல் போடுகிற வாரம் அது. நான் மல்லியைத் திரும்ப ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரி கோடாலித் தைலம் தேய்த்தாள், அதுவும் நீ கொடுத்தனுப்பியதுதான்.

புனிதர்கள் போனதும் கோடை வந்தது. வந்தது என்றா சொன்னேன்? திங்கட்கிழமை ஸ்வெட்டர், வியாழக்கிழமை 37 டிகிரி, சனிக்கிழமை புளியங்கொட்டை அளவு ஆலங்கட்டி. ஒர்தான்சியா என்று ஒரு செடி, பூக்கொத்து ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருக்கும். மத்தியான வெயிலில் தலை தொங்கிச் செத்தேன் என்று நிற்கும், சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்துவிடும். நீலம் என்று சொல்லி விற்றான், மறுவருஷம் ரோஸ் கலரில் பூத்தது. இந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு, அதனால் அப்படியாம்.

இந்த வெயிலை லேசாக நினைக்காதே. 2003 ஆகஸ்டில் அடித்த அனலில் இந்த நாட்டில் ஏறக்குறைய 15,000 பேர், அதிலும் தனியாக இருந்த கிழங்கட்டைகள், போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து வெயிலுக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போட்டு, தண்ணீர் குடி, கிழவியைப் போய்ப் பார் என்று டிவி கத்திக்கொண்டே இருக்கும். அது நியாயம். வறட்சிக்கும் நாலு படி வைத்து ஒரு வரைபடம் போடுகிறார்கள் பார், அதில்தான் என் உயிர் போகிறது.

மூன்றாம் படி வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பூச்செடிக்குக் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. காய்கறிக்கு மட்டும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊற்றலாம். மீறினால் 1,500 யூரோ வரைக்கும் அபராதம், ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வராதது புதுசா? குழாயைத் திறந்தால் கொட்டுகிறது, ஊற்றாதே என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. எட்டு மணி என்றால் இருட்டும் என்று நினைக்காதே, ஜூனில் சூரியன் மறையவே பத்து மணி ஆகும். எட்டு மணிக்கு வேர்த்து வடிய, கையில் ஓஸ் பைப்போடு கத்திரிக்காய்க்கு மட்டும் ஊற்றிக்கொண்டு நிற்பேன். பக்கத்திலேயே மல்லி என்னைப் பார்க்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாழைப்பூ பூவா, காய்கறியா? அகத்திப்பூ? வேப்பம்பூ ரசம் எந்தக் கணக்கு? இவர்களே சுரைக்காய் ஜாதியில் ஒன்றின் பூவை மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன். உத்தரவு போட்ட அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். எடுத்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கேள்வியைப் பதிவுத் தபாலில், அக்னாலெட்ஜ்மெண்டோடு அனுப்புங்கள் மெஸ்யூ என்றாள். அனுப்பினேன். நான் செவாலியே வீட்டுப் பிள்ளை இல்லை, ஆனாலும் சொல்தா பேரன். தாத்தா இவர்கள் ராணுவத்தில் சுட்ட துப்பாக்கிக்கு நான் ஒரு கடிதமாவது எழுதக்கூடாதா?

பதில் வரும்வரை யோசனை செய்தேன். தக்காளி வேரில் புழு அண்டாமல் இருக்க நடுவில் செண்டுப்பூ வைப்பது இங்கே வழக்கம். தக்காளிக்கு ஊற்றினால் செண்டுக்கும் போகத்தான் செய்யும், யாரும் தடுக்க முடியாது. ஆகவே மல்லித்தொட்டியைக் கத்திரிப் பாத்தி நடுவில் இறக்கிவிட்டேன். யாராவது கேட்டால், கத்திரிக்காய் வாசனை இல்லாமல் காய்க்காது என்று சொல்லிக்கொள்ளலாம். மழைத்தண்ணீருக்குத் தடை இல்லை என்றார்கள், கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாயும் வாங்கினேன். காய்கிற வாரமெல்லாம் அது காலி. போன சனிக்கிழமை கொட்டிய மழையில் நிரம்பி வழிந்தது, மழை பெய்கிற நாளில் அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இடுப்பளவு மழையிலும் வறட்சி உத்தரவு மட்டும் இறங்கவில்லை. ஆற்று மட்டமும் நிலத்தடி நீரும் ஏறினால்தான் எடுப்பார்களாம். பீப்பாய்க்குக் கொசுவலை போடு, புலிக்கொசு வந்துவிட்டது என்று மதாம் எச்சரித்தாள். கொசுவுக்கு மட்டும் சான்றிதழ் கேட்கவில்லை போலிருக்கிறது.

மதாமுக்கு என்மேல் ஒரு வருத்தம் உண்டு. நான் காலையில் பூப் பறிக்கிறேன். இங்கே வாடின பூவைத்தான் வெட்டுவார்கள், அப்போதுதான் அடுத்த மொக்கு வரும். மலர்ந்ததைத் தொடமாட்டார்கள், செடியிலேயே விட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளையாருக்கு என்று நான் ஒரு ரோஜாவைக் கிள்ளியபோது அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இப்போது எனக்கும் நாற்காலி பழகிவிட்டது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால், இந்தப் பூவையெல்லாம் யார் தலையில் வைப்பது என்று தோன்றுகிறது. பாரிஸ் லா சப்பலில் ஈழத்து ஆட்கள் கடையில் மல்லிச்சரம் கிடைக்கும், பிளாஸ்டிக் டப்பாவில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருவார்கள். என் வீட்டுக்காரி தலையில் வைத்தால் முதலில் சில்லென்று இருக்கும், வாசனை வீட்டுக்கு வந்துதான் வரும். நம் வீட்டில் நீ சாயங்காலம் திண்ணையில் தொடுக்கும்போது தெருமுனையிலேயே அடிக்குமே, அது இல்லை.

இருந்தாலும் நம் தொட்டி இந்த வாரம் மொக்கு விட்டிருக்கிறது, கை கொள்ளாமல் இல்லை, ஒரு பிடிக்குக் குறைவுதான். இவள் தையல் நூலில் கட்டி, பூக்காரியையே தோற்கடித்த பெருமையோடு போட்டோ எடுத்து அனுப்பினாளே, அது அதுதான். பெரிதாக்கிப் பார்த்துச் சிரிக்காதே.

மேட்டூர்த் தண்ணீர் நம் பக்கம் வந்ததா என்று எழுது. சின்னவன் பெட்டியில் குடை, ஸ்வெட்டர், கூலிங் கிளாஸ் மூன்றும் இருக்கட்டும், கோடைதானே என்று எதையும் எடுத்து வெளியே வைக்காதே. விமானம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் இறங்கினால் ஏர்போர்ட்டில் கொஞ்சம் உட்காரச் சொல். அது கத்திரிக்காய்க்கு ஊற்றுகிற நேரம்.

அன்புத் தம்பி