புரியாதவர் கைவண்ணம்

இணையத்தில் ‘பாலை நிலம்’ என்று படம் தேடினால் ஒட்டகம் வந்து நிற்கிறது. ஒட்டகத்துக்குப் பின்னால் மணல்மேடு, அதற்கும் பின்னால் அரபு நாட்டுச் சூரியன். அதை எடுத்து ஐந்திணைப் பாடத்தின் ஸ்லைடில் ஒட்டிவிட்டால், சங்கத் தலைவன் பொருள் தேடித் துபாய்க்குப் போனான் என்றே மாணவர் பரீட்சையில் எழுதுவார். கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் தப்பு என்று அடிக்கவும் கை வராது. ஆனால் பாலை என்பது மணல்காடு இல்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டுப்போன நிலைக்குத்தான் அந்தப் பெயர் என்று சிலப்பதிகாரம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்த நிலத்தைப் பார்க்க ராஜஸ்தானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். மார்ச் மாதம் மறையூரில் உடுமலைப் பேருந்தைப் பிடித்து, சின்னாறு காட்டில் மரங்கள் இலை உதிர்த்துக் குச்சியாக நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தால் போதும். அதே சாலையில் எதிர்த்திசையில் போனால் மூணாறு பச்சைப் பசேலென்று இருக்கும். மறையூரிலிருந்து மூணாறு அரசுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இது தெரியும். ஒட்டகத்தைத் தேடித் தந்தவருக்குத்தான் தெரியவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: பல்கலைக்கழகப் பாடத்துக்குப் படமும் அசைபடமும் செய்யத் தகுதியானவர் பேராசிரியர் இல்லை, பேர்பெற்ற ஓவியரும் இல்லை. அந்தப் பாடம் நேற்றுவரை மண்டையில் ஏறாமல் முழித்துக்கொண்டிருந்த மாணவர்தான்.

இதைக் கேட்டதும் பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், ஆதாரம் இருக்கிறது. 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் மெட்டை ஒருவர் மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய பாட்டுகள் 120, கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் தலைக்குள் வயலின், தபேலா, குரல் எல்லாம் சேர்ந்து முழுக் கச்சேரி நடக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது ஆசாரி கதவுக்கு ஆணி அடிக்கிற சத்தம். கரும்பலகையில் பேராசிரியர் போடுகிற அம்புக்குறியும் இந்த ரகம்தான். முப்பது வருடம் அந்தப் பாடத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பது மறந்துபோயிருக்கும். அது அவர் குற்றமில்லை. நீச்சல் தெரிந்தவர் மறுபடி தண்ணீர் குடித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஆழம் எங்கே என்று படம் போட வேண்டியவர் நேற்று தண்ணீர் குடித்தவர் அல்லவா?

சரி, கூலிக்கு வரைகிற தொழில்முறை ஓவியரிடம் கொடுத்தால்? அவருக்குப் பாடம் புரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் புரியாமல் போனது அவருக்கு ஒரு நஷ்டமாகவே படவில்லை. இது பெரிய வித்தியாசம். மழைமறைவுப் பகுதி என்று ஒரு படம் எல்லாப் புவியியல் புத்தகத்திலும் இருக்கிறது. நடுவில் ஒரு முக்கோணம், உச்சியில் பனி, இடப்பக்கம் கடல், மேலே பஞ்சுமிட்டாய் போல ஒரு மேகம். நம் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். குளிர்காலத்தில் அந்தப் பக்கத்துப் புல்லில் உறைபனி படிவதோடு சரி, தலையில் வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொள்ளும் யோகம் அதற்கு இல்லை. அந்த முக்கோணத்தைப் பார்க்கும் மறையூர்ப் பிள்ளைக்கு, மலையின் எந்தச் சரிவில் தன் வீடு இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். படத்தில் பதில் இருக்காது. அவரையே வரையச் சொன்னால் இடப்பக்கம் மூணாற்றில் குடையை விரிப்பார், வலப்பக்கம் மறையூரில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுவார், நடுவில் ஒரு பேருந்தை ஓட விடுவார். காற்றும் மழையும் எங்கே நின்றுபோகின்றன என்பது அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கே விளங்கும். கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையாக இருந்தால் பாலக்காட்டுக் கணவாயின் காற்றையும் சேர்த்து வரைவார். காயப்போட்ட துணி பறந்துபோன அனுபவம் கைவசம் இருக்கும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஆங்கில அரிச்சுவடியின் ஆப்பிளை அந்நியப் படம் என்று இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லையில் முழுமூச்சாகத் திட்ட முடியாது. மறையூரை அடுத்த காந்தளூரில் அது காய்க்கிறது.

இப்படி வரையத் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்களா என்றால், எக்கச்சக்கமாக இருக்கிறார்கள். பல்கலைக்கழகப் பாடத்தைத் திரைக்குக் கொண்டுவரும் ஆசை நம் நாட்டுக்குப் பழையது. 1984 ஆகஸ்ட் 15-இல் பல்கலைக்கழக மானியக்குழு தூர்தர்ஷனில் வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கியது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பல்லூடக மையம் இருக்கிறது. பள்ளிகளுக்காக 2005-இல் அப்துல் கலாம் விக்டர்ஸ் அலைவரிசையைத் தொடங்கிவைத்தார். 2020 ஜூன் 1 முதல் பெருந்தொற்றுக் காலத்து ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் அதில்தான் ஓடின, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாராயின. இவற்றிலெல்லாம் மாணவருக்குக் கிடைத்த வேடம் பார்வையாளர் வேடம். மாற்றம் 2018-இல் வந்தது. கேரள அரசின் கைட் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மன்றங்களைத் தொடங்கியது. 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் தேர்வாகி, டுப்பிடியூபில் அசைபடம், ஜிம்ப்பில் போஸ்டர், பிளெண்டரில் முப்பரிமாணம் என்று படிக்கிறார்கள். எல்லாம் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. 2019 ஜூனில் எட்டாம் வகுப்பில் இருந்தவர் கணக்குப்படி 2024-இல் கல்லூரிக்கு வருகிறார். அந்த ஆண்டு ஜூலை 1 அன்றுதான் கேரளக் கல்லூரிகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு ஆரம்பமானது; திறன் வளர்க்கும் பாடம், இன்டர்ன்ஷிப் எல்லாம் அதில் உண்டு. ஆக, ஒரு பந்தைக் குதிக்கவைத்து அதன் நிழலையும் சரியாக விழவைக்கத் தெரிந்த பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, “புரொஜெக்டரை யாராவது கனெக்ட் பண்ணுங்கப்பா” என்ற குரலோடு வகுப்பு தொடங்குகிறது. கனெக்ட் செய்துகொடுத்த பிள்ளையும் மற்றவர்களோடு உட்கார்ந்து, 24 வரி கொண்ட ஸ்லைடை வாசிக்கக் கேட்கிறார்.

அவர்களுடைய கைத்திறன் வீணாகிறது என்றும் சொல்ல முடியாது. கல்லூரித் தேர்தல் வந்தால் சுவரெல்லாம் ஓவியம். கலோத்ஸவத்துக்குப் போஸ்டர், பிரிவு உபசாரத்துக்கு வீடியோ, ஓணத்துக்கு மகாபலி. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்துச் சிலகாலம் கல்லூரி ஆசிரியராகவும் இருந்துவிட்டுக் கார்ட்டூனிஸ்ட் ஆனவர் ஓ. வி. விஜயன், இந்த மாவட்டத்துக்குக் கோடு புதிதில்லை. பாடத்தின் பக்கம் மட்டும் அந்தக் கோடு எட்டிப் பார்ப்பதில்லை.

எல்லைப்பகுதிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. படத்துக்கு மொழி கிடையாது என்று மேடையில் பேசுவார்கள். பேசுகிறவர் படத்தில் பெயர் எழுதிப் பார்த்தவராக இருக்க மாட்டார். ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம். கணினி அதை எழுத்துக்குப் பின்னால் சேமித்து வைத்திருக்கிறது. மாற்றிக் காட்டத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் கொம்பு தனியாக, கல்யாண வீட்டில் தொலைந்த குழந்தை மாதிரி, ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு இது அழகான எழுத்தாகவே தெரியும், அச்சாகியும் விடும். சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறை மாணவர் கண்ணில் ஒரு நொடியில் பட்டுவிடும். (இது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, தேடினால் ஆந்திரம்தான் முதலில் வரும், ஒட்டகம் வந்த அதே வழியில்.) அவர் தமிழில் பெயர் எழுதி, பக்கத்து நாற்காலித் தோழிக்காக அதையே மலையாளத்திலும் எழுதுவார். இதற்கு இந்த மண்ணிலேயே பெரிய முன்னோடி இருக்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் 700-க்கும் மேற்பட்ட கேரளத் தாவரங்கள்; படங்களில் பெயர்கள் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில். மொழி தெரியாத செதுக்குக்காரர் கையில் மலையாளம் கடல் தாண்டி அச்சேறியது. இன்று பாலக்காட்டில் அதைச் செய்ய அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஆட்சேபங்களுக்கு வருகிறேன். மாணவர் வரைந்தால் தப்பு வரும் என்பது முதலாவது. வரும். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸை வரைந்தவர்களும் தாவர வைத்தியர்கள் அல்லர். செடியைப் பற்றிச் சொல்ல இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் மூன்று கொங்கணிப் பண்டிதர்களும் இருந்தார்கள். வரைவது ஒருவர், சரிபார்ப்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செல்லுபடியானது. பேராசிரியர் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்காரட்டும், பென்சிலைத் தொடாமல். தவிரவும் மாணவரின் தப்பு கோணல்மாணலாக இருப்பதால் உடனே தெரிந்துவிடும். வழவழப்பான படத்துக்குள் ஒளிந்த தப்பு பத்துப் பதிப்புக்குப் பிறகும் மாட்டாது. இன்னொரு லாபமும் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லை எழுதிவைத்தவர்களைவிட வரைந்து பார்த்தவர்கள் அதை அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்னைப் போல யானை வரைந்து கீழே ‘யானை’ என்று எழுதுகிறவர்களுக்கு மனம் குளிரும் செய்தி.

இரண்டாவது ஆட்சேபம் உண்மையிலேயே பலமானது: பிள்ளைகளிடம் விட்டால் எழுத்து பறக்கும், படம் சுழலும், பின்னணியில் விஜய் படத்து இசை கேட்கும், ஒளிச்சேர்க்கை நடக்கும்போது பட்டாசு வெடிக்கும். பல்லூடகக் கற்றலை நெடுங்காலம் ஆய்ந்த ரிச்சர்ட் மேயர் சொல்வதும் இந்த ஆடம்பரத்துக்கு எதிரானதுதான்: பாடத்துக்குத் தேவையில்லாத சுவாரசியம், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கற்றலைக் குறைக்கிறது. இங்கே என் கட்சி கொஞ்சம் தள்ளாடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பறக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தது மாணவர்கள் இல்லை. தலைப்பின் ஒவ்வோர் எழுத்தும் உருண்டுவந்து சேரும்வரை வகுப்பே காத்திருக்கும் ஸ்லைடுகளுக்கு அவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. சலித்துப்போனவரிடம் வேலையைக் கொடுத்து, “உனக்கு எங்கே புரியவில்லையோ அங்கே மட்டும் அசை” என்று ஒரே விதி வைத்தால் பட்டாசு பாதியாவது குறையும்.

இது இலவச உழைப்புச் சுரண்டல் என்பது மூன்றாவது. மதிப்பெண்ணைக் காட்டி வேலை வாங்குவதில் நம் கல்விக்கூடங்கள் யாருக்கும் சளைத்தவை அல்ல என்பதால் இதற்கு நான் எதிர்வாதம் சொல்லப்போவதில்லை. காசு கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் பெயர் போட வேண்டும். 1543-இல் வெசாலியஸ் வெளியிட்ட உடற்கூற்று நூலின் படங்களை யார் வரைந்தார் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை நூற்றாண்டுத் தகராறு மிச்சம்.

கடைசியில், எல்லா விவாதத்தையும் முடித்துவைக்க வரும் அந்த வாக்கியம்: இனி செயற்கை நுண்ணறிவே வரைந்து தந்துவிடும். தரும், கேட்ட மாத்திரத்தில் தரும். அதனிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, தனக்குப் புரியவில்லை என்ற உணர்வு. முழிக்கத் தெரியாதது அது. தேயிலைத் தோட்டம் என்று கேட்டால், பளிச்சென்ற புடவையில் ஒரு பெண், முதுகில் மூங்கில் கூடை, இரு விரலில் ஓர் இலை, உதட்டில் விளம்பரப் புன்னகை. மூணாற்றுத் தோட்டங்களில் கத்தரியால் கொழுந்து வெட்டத் தொடங்கி எவ்வளவோ காலம் ஆயிற்று. வெட்டிய கொழுந்தைப் பிடிக்கும் பெட்டி கத்தரியோடு சேர்ந்தே இருக்கும், நாள் முழுக்க அதைத் தூக்கி வெட்டிய தோளில் புன்னகைக்கு இடமிருக்காது. பொருளியல் பாடத்துக்கோ தொழிலாளர் சட்டப் பாடத்துக்கோ படம் வேண்டுமென்றால் அந்தக் கத்தரியைத்தான் வரைய வேண்டும். அது எப்படி இருக்கும், எந்தக் கை எங்கே வலிக்கும் என்று லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். அவர் இப்போது கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஓணத்துக்கு மகாபலியின் தொந்தியை வட்டமாக்கிக்கொண்டிருக்கிறார்.